பேருந்து நிற்காத ஊர்களையும் எழுதுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் கேப் டவுன் பற்றி வந்த பயணக் கட்டுரையை இங்கே கேப் டவுனை ஒட்டிய பெல்வில்லில் இருந்தபடி இணையப் பதிப்பில் படித்தேன். மேசை மலை, ராபன் தீவு, பெங்குவின் கடற்கரை எல்லாம் நன்றாகவே வந்திருந்தன. திராட்சைத் தோட்டப் பகுதிக்கு மட்டும் நான்கே வரி. காலையில் பேருந்து ஏறினால் மூன்று பண்ணைகளில் ஒயின் ருசித்துவிட்டு மாலைக்குள் விடுதிக்குத் திரும்பிவிடலாம் என்று முடித்துவிட்டார்கள். அதே கட்டுரையின் கடைசியில், தென்னாப்பிரிக்காவில் தமிழர் வரலாறு 1860ல் தொடங்குகிறது என்று ஒரு வரி. இந்த இரண்டு இடங்களையும் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இரண்டுக்கும் பதில் ஒரே சாலையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சைக்கிள் ஓட்டுகிற சாலை அது.

நான் நாகப்பட்டினத்துக்காரி. கணவர் வேலைக்காக இங்கே வந்தோம், பிறகு இதுவே ஊராகிவிட்டது. ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இந்த வயதில் ஒரு பெண் மலைச்சாலையில் சைக்கிளா என்று ஊரில் இருந்து பேசுகிறவர்கள் கேட்கிறார்கள். என் சித்தி புதுக்கோட்டையில் வாழ்க்கைப்பட்டவர். அறிவொளி இயக்கம் அங்கே பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்த அந்தத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மூன்று பிள்ளை பெற்ற பிறகு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கற்றுக்கொண்டவர் அவர். கோடை விடுமுறைக்குப் போன என்னைப் பின்னால் உட்கார வைத்துச் சந்தைக்கு ஓட்டிப் போனார். எனக்கு அதற்கு மேல் யாரும் தைரியம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சரி, சாலைக்கு வருகிறேன்.

காரில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு ஸ்டெல்லன்போஷ் வரை போய், அங்கிருந்து மிதிக்கத் தொடங்குவோம். 1679ல் சைமன் வான் டெர் ஸ்டெல் என்கிற டச்சுத் தளபதி நிறுவிய ஊர் அது. கேப் டவுனுக்கு அடுத்து ஐரோப்பியர் இந்த நாட்டில் குடியேறிய இரண்டாவது பழைய ஊர். டோர்ப் தெருவில் இரண்டு பக்கமும் கருவாலி மரங்கள், வெள்ளையடித்த சுவர்கள், தெருவோரம் ஓடும் வாய்க்கால். சுற்றுலாக் கையேடுகள் இதையெல்லாம் சொல்கின்றன. அந்த வான் டெர் ஸ்டெலின் தாய்வழிப் பாட்டி மோனிகா என்ற பெயர் கொண்ட இந்திய அடிமைப் பெண் என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. இந்த ஊரின் பெயரிலேயே வான் டெர் ஸ்டெலின் பெயர் இருக்கிறது. நம் நாட்டுப் பெண் ஒருத்தியின் பேரன் அவர் என்பதை இந்தியாவில் இருந்து வருகிறவர்களாவது தெரிந்துகொண்டு போக வேண்டாமா?

ஊரைவிட்டுக் கிளம்பியதும் ஹெல்ஸ்ஹூக்டே ஏற்றம். ஆர்310 சாலை, ஐந்து கிலோமீட்டர் அளவுக்கு விடாமல் ஏறும். செங்குத்து என்று சொல்ல முடியாது. ஆனால் இடையில் மூச்சு வாங்கச் சமதளம் கிடைக்காது. இடது பக்கம் சைமன்ஸ்பெர்க் மலை. சரிவு முழுக்கத் திராட்சை. நம் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சையைப் பந்தல் போட்டுத் தலைக்கு மேல் படர விடுவார்கள், கீழே நிழலில் நின்று பறிப்பார்கள். இங்கே கம்பி கட்டி இடுப்பு உயரத்தில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். சில பழைய தோட்டங்களில் கம்பியும் இல்லை, முழங்கால் உயரக் குத்துச்செடியாகத் தனித்தனியே நிற்கும். நாள் முழுக்கக் குனிந்துதான் பறிக்க வேண்டும். பிப்ரவரி, மார்ச் அறுவடைக் காலத்தில் நாங்கள் ஏறும்போதே ஆட்கள் வரிசைக்குள் இறங்கியிருப்பார்கள். வெயில் ஏறினால் பழத்தின் சூடும் ஏறிவிடும் என்பதால் விடியலிலேயே பறிக்கிறார்கள். டிராக்டர் பின்னால் தொட்டியில் பழம் போகும்போது அந்த மணம் சாலை முழுக்கப் பரவும். பேருந்தின் கண்ணாடி ஜன்னலுக்குள் அது வராது. பறிக்கிறவர்களின் முகமும் தெரியாது.

உச்சியைத் தாண்டியதும் நல்ல இறக்கம். அந்த வேகத்தில்தான் பேருந்துகள் நேரே போஷெண்டால் பண்ணைக்குப் போய் நிற்கும். 1685ல் தொடங்கிய பண்ணை, 1812ல் கட்டிய பெரிய வீடு, மர நிழலில் சாப்பாடு. அழகான இடம்தான், போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதற்குச் சற்று முன்னால் சாலையோரத்திலேயே பினியேல் என்ற சின்ன ஊர் இருக்கிறது. பக்கத்திலேயே கைல்மோர், யோஹானஸ்டால். பேருந்து இங்கே நிற்பதில்லை. நான் பிரேக் பிடிப்பது இங்கேதான்.

பினியேல் 1843ல் உருவானது. கேப்பில், அதாவது கேப் டவுனைச் சுற்றி இருந்த அன்றைய குடியேற்ற நாட்டில், அடிமை முறை 1834 டிசம்பர் 1ஆம் தேதி சட்டப்படி ஒழிந்தது. ஆனால் ‘பயிற்சிக் காலம்’ என்று பெயர் வைத்து, அதே மனிதர்களை அதே எசமானர்களிடம் இன்னும் நான்கு வருடம் கட்டிப்போட்டார்கள். 1838 டிசம்பரில்தான் உண்மையான விடுதலை. நஷ்ட ஈடு கொடுத்தது எசமானர்களுக்கு. உழைத்தவர்களுக்கு ஒரு காசு கிடையாது. நிலமும் வீடும் இல்லாமல் வெளியே வந்தவர்களில், இந்தப் பள்ளத்தாக்கின் பண்ணைகளில் வேலை செய்த குடும்பங்கள் சில சேர்ந்து ஒரு கிறிஸ்தவ மிஷன் நிலையத்தைச் சுற்றிக் குடியேறின. அதுதான் இந்த ஊர். வீடு கட்ட ஒரு துண்டு நிலம், பின்னால் காய்கறி போட ஒரு துண்டு. மேலே மலை, நடுவில் வெள்ளைத் தேவாலயம், விடுதலைக்கு ஒரு நினைவுச்சின்னம், ஒரு சின்ன அருங்காட்சியகம். அவர்களின் வாரிசுகள் இன்றும் அங்கேயே வாழ்கிறார்கள்.

இவர்கள் எங்கிருந்து வந்தவர்கள்? இதைத்தான் உங்கள் கட்டுரை தொடவில்லை.

1652க்கும் 1808க்கும் இடையில் சுமார் 63,000 பேரைக் கேப்புக்கு அடிமைகளாகக் கொண்டுவந்தார்கள் என்று இங்குள்ள வரலாற்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இந்தியாவில் இருந்து வந்தவர்கள். மற்றவர்கள் மடகாஸ்கர், கிழக்கு ஆப்பிரிக்கா, இன்றைய இந்தோனேசியா. இந்தியா என்றால் வங்காளம், மலபார், அப்புறம் நம் சோழமண்டலக் கரை. ஏடுகளில் அவர்களின் சொந்தப் பெயர் இருக்காது. எசமானர் வைத்த பெயர் ஒன்று, அதன் பின்னால் ‘வங்காளத்தைச் சேர்ந்த’, ‘மலபாரைச் சேர்ந்த’, ‘கோரமண்டலைச் சேர்ந்த’ என்று ஒரு குறிப்பு. அவ்வளவுதான் மிச்சம். பலருக்கு மாதத்தின் பெயரையே சூட்டினார்கள். செப்டம்பர், பிப்ரவரி, ஏப்ரல் என்ற குடும்பப் பெயர்கள் மேற்கு கேப் முழுக்க இன்றும் உண்டு.

நாகப்பட்டினத்தை டச்சுக்காரர்கள் 1658ல் போர்த்துகீசியரிடம் இருந்து பிடித்தார்கள். 1690ல் பழவேற்காட்டில் இருந்து தலைமையிடத்தையும் அங்கே மாற்றினார்கள். 1781 வரை, ஆங்கிலேயர் பிடிக்கும் வரை, எங்கள் ஊர் அவர்கள் கையில் இருந்தது. அவர்கள் வந்த சமயத்தில் தஞ்சைச் சீமையில் பெரும் பஞ்சம். பசியில் தங்களையும் பிள்ளைகளையும் விற்றுக்கொண்ட சனங்களை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆயிரக்கணக்கில் வாங்கிக் கப்பல் ஏற்றியது. பெரும்பாலோர் இலங்கைக்கும் பட்டாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) போனார்கள். அதே கம்பெனியின் அதே கடல்வழியில்தான் கேப் இருந்தது. இதே 1658ல் கேப்புக்கு முதல் பெரிய அடிமைக் கப்பல் வந்தது, அங்கோலா மக்களோடு. அடுத்த வருடம், 1659 பிப்ரவரி 2ஆம் தேதி, கேப் திராட்சையில் முதல்முறையாக ஒயின் பிழிந்ததாகத் தளபதி வான் ரீபேக் கடவுளுக்கு நன்றி சொல்லி நாட்குறிப்பில் எழுதினார். அந்தத் தேதியை இங்கே எல்லாரும் சொல்வார்கள். அதற்குப் பிறகு 175 வருடம் கொடி நட்டது, கவாத்து செய்தது, பழம் மிதித்தது, சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கிற அந்த வளைந்த முகப்பு வீடுகளுக்குச் சுவர் எழுப்பியது எல்லாம் யார் கை என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையில் இருந்து ட்ரூரோ கப்பல் இந்த நாட்டின் கிழக்குக் கரையில் இருக்கிற நேட்டாலில் வந்து நின்றது பெரிய நிகழ்வு. கரும்புத் தோட்ட ஒப்பந்தத்தில் வந்த அவர்களின் பேரப்பிள்ளைகளோடு சேர்ந்துதான் நான் ரைலாண்ட்ஸ் சிவ ஆலயத்தில் தைப்பூசம் கும்பிடுகிறேன். அவர்கள் கோயில் கட்டினார்கள், பெயரைக் காப்பாற்றினார்கள், பாட்டையும் காப்பாற்றினார்கள். அதற்கு இருநூறு வருடம் முந்தி வந்தவர்களுக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை. பெயர், பாஷை, சாமி எல்லாம் போய்விட்டது. ஆனாலும் அவர்கள் வந்தார்கள், இங்கேதான் வாழ்ந்தார்கள். 1860ல் தொடங்குகிறது என்று எழுதினால் அவர்களை இன்னொரு தடவை ஏட்டில் இருந்து அடிக்கிற மாதிரி ஆகிவிடுகிறது. அதுதான் என் வருத்தம்.

பினியேலில் ஞாயிறு காலை சில வீடுகளில் கூக்சிஸ்டர் சுடுவார்கள். ஏலக்காயும் பட்டையும் சோம்பும் போட்ட மாவு உருண்டையை எண்ணெயில் பொரித்து, பாகில் முக்கி, தேங்காய்த் துருவலில் புரட்டித் தருவார்கள். கேப் முழுக்க இந்த மக்களின் ஞாயிறு காலைப் பலகாரம் அது. நாங்கள் வழக்கமாக வாங்கும் வீட்டில் ஒரு வயதான ஆன்ட்டி இருக்கிறார். ஒருநாள் நான் எந்த ஊர் என்று கேட்டார். இந்தியாவில் கிழக்குக் கடற்கரை என்றேன். எங்கள் ஆட்களிலும் இந்தியா உண்டு, மடகாஸ்கர் உண்டு, ஜாவா உண்டு, பண்ணைக்காரர் ரத்தமும் உண்டு என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, பொட்டலத்தில் இரண்டு உருண்டை அதிகம் போட்டுக் கொடுத்தார். அவர் வீட்டில் ஊறுகாய்க்கு அச்சார் என்றுதான் பெயர்.

பினியேலைத் தாண்டி, போஷெண்டாலுக்கு எதிர்ப் பக்கம் உள்ளே போனால் லாங்கடாக். 1880களில் ஃபிலாக்செரா என்ற வேர்ப்பேன் கேப்பின் திராட்சைக் கொடிகளை அழித்தது. நொடித்துப்போன பண்ணைகளை வைரச் சுரங்க முதலாளி செசில் ரோட்ஸ் வரிசையாக வாங்கிப் பழமரங்கள் வைத்தார். அந்தப் பழத்தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கட்டடக் கலைஞர் ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்த வெள்ளை வீடுகள்தான் லாங்கடாக். புதுதில்லியில் தலைமைச் செயலகக் கட்டடங்களை வடிவமைத்த அதே பேக்கர். மரநிழலில் நேராகப் போகும் அந்த ஒரு தெருவில் மெதுவாக மிதித்துப் போய்த் திரும்ப வேண்டும். வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் கையசைப்பார்கள்.

அப்புறம் வலது பக்கம் திரும்பினால் ஃபிரான்ஷுக். 1688ல் பிரான்சில் இருந்து மதத்துக்காக ஓடிவந்த யூகனாட் என்ற புராட்டஸ்டன்ட் மக்களுக்கு நிலம் கொடுத்த இடம். அவர்களுக்குப் பெரிய நினைவுச்சின்னமும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. ஊர் முழுக்க உணவகங்கள், விலை அதிகம். நான் அங்கே தண்ணீர் நிரப்பிக்கொள்வதோடு சரி.

ஆனால் ஊருக்குப் பின்னால் இருக்கிற கணவாயை விட மாட்டேன். ஃபிரான்ஷுக் கணவாய், உச்சி 701 மீட்டர். ஊரில் இருந்து சுமார் ஏழு கிலோமீட்டர் ஏற்றம். கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பத் திரும்பப் பள்ளத்தாக்கு கீழே விரியும். ஒரு வளைவில் திராட்சை வரிசைகள், அடுத்த வளைவில் வெறும் பாறையும் புதரும். ஒரு காலத்தில் யானைகள் மலையைக் கடந்த தடம் இது. 1820களில் ஆளுநர் சாமர்செட் காலத்தில் ராயல் ஆப்பிரிக்கன் கோர் என்ற பிரிட்டிஷ் படைப்பிரிவின் வீரர்களை வைத்துச் சாலை போட்டார்கள். மறுபக்கம் இறங்கும்போது அந்தக் காலத்துக் கல்பாலம் ஒன்று வரும். இந்த நாட்டில் இன்றைக்கும் வண்டிகள் ஓடுகிற மிகப் பழைய கல்பாலம் அது. காரில் போனால் வளைவைப் பார்ப்பீர்களே தவிரப் பாலத்தைப் பார்க்க மாட்டீர்கள். எனக்கு ரொம்பப் பிடித்த இடம். இறங்கிய அத்தனையும் திரும்ப ஏறியாக வேண்டும், இருந்தாலும் போவேன்.

தெம்பு இருந்தால் ஃபிரான்ஷுக்கில் இருந்து வெம்மர்ஸ்ஹூக் வழியாகப் பார்ல் பக்கம் போகும் ஆர்301 சாலை. அதில்தான் அன்றைய விக்டர் வெர்ஸ்டர் சிறை இருக்கிறது. 1990 பிப்ரவரி 11ஆம் தேதி நெல்சன் மண்டேலா மனைவி வின்னியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வெளியே வந்த வாசல். இப்போது அங்கே கை உயர்த்தி நிற்கும் அவரது சிலை. சுற்றிலும் திராட்சைத் தோட்டம்தான். தொலைக்காட்சியில் உலகமே பார்த்த காட்சி அது.

ஒன்றைச் சொல்லாமல் இந்தப் பகுதியைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. கூலியின் ஒரு பகுதியைப் பணமாகக் கொடுக்காமல், நாள் முழுக்கக் கோப்பை கோப்பையாக மட்ட ஒயினாகக் கொடுக்கும் வழக்கம் இங்கே தலைமுறை தலைமுறையாக இருந்தது. டாப் முறை என்பார்கள். சட்டம் தடுத்த பிறகும் பல பண்ணைகளில் நீண்ட காலம் நடந்தது. தாயின் வயிற்றிலேயே மதுவால் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகள் உலகிலேயே மிக அதிகமாக இருக்கும் இடங்களில் இந்தத் திராட்சை நாடும் ஒன்று. டாஸ்மாக்கைப் பற்றி வாரம் தவறாமல் எழுதும் உங்கள் பத்திரிகை, ஒயின் ருசிப்பதை ஒரு பொழுதுபோக்காக மட்டும் நான்கு வரியில் எழுதலாமா? ருசிக்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அந்தக் கோப்பையின் கதையையும் அதே பக்கத்தில் போடுங்கள் என்கிறேன்.

உங்கள் வாசகர்கள் யாராவது இந்தச் சாலையில் சைக்கிள் ஓட்ட விரும்பினால் சில விஷயங்கள். இங்கேயும் இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும், ஆகவே நமக்குக் குழப்பம் இல்லை. ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும். சைக்கிளைத் தாண்டும் வண்டி ஒரு மீட்டர் இடம் விட வேண்டும் என்று மேற்கு கேப் மாகாணத்தில் விதியே இருக்கிறது. எல்லாரும் மதிப்பதில்லை. ஹெல்ஸ்ஹூக்டே இறக்கத்தில் ஒரு லாரி என் முழங்கையை உரசுகிற மாதிரி போனதில் சரளையில் இறங்கி விழுந்து, தோள்பட்டையில் கட்டுப் போட்டுக்கொண்டு பல வாரம் இருந்தேன். ஸ்டெல்லன்போஷையும் பார்லையும் இணைக்கும் ஆர்44 நேர்வழிதான், ஆனால் வண்டிகள் பறக்கும் சாலை. நான் அதில் ஏறுவதே இல்லை. மார்ச்சில் நடக்கும் கேப் டவுன் சைக்கிள் பந்தயத்தில் 109 கிலோமீட்டரைப் பல்லாயிரம் பேர் ஓட்டுகிறார்கள். சைக்கிளுக்குத் தனிப் பாதை கேட்டு 1977ல் நடந்த ஊர்வலத்தில் இருந்து பிறந்த பந்தயம் அது. திராட்சை நாட்டுச் சாலைகளில் அந்தத் தனிப் பாதை பெரும்பாலும் இன்னும் வரவில்லை.

கோடையில் தென்கிழக்குக் காற்று அடித்தால் இறக்கத்தில்கூட மிதிக்க வேண்டியிருக்கும். மே முதல் ஆகஸ்ட் வரை மழை. மார்ச் கடைசி, ஏப்ரல் நல்ல காலம், காற்று அடங்கி இலை பழுக்கும். ஸ்டெல்லன்போஷிலும் ஃபிரான்ஷுக்கிலும் வாடகைக்குச் சைக்கிள் கிடைக்கும். மலை ஏறிப் பழக்கம் இல்லாதவர்கள் பேட்டரி சைக்கிள் எடுத்துக்கொள்ளலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஸ்டெல்லன்போஷ் முதல் ஃபிரான்ஷுக் வரை 30 கிலோமீட்டர்தான். நடுவில் பினியேலில் ஒரு மணி நேரம் நின்றாலும் மத்தியானச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். சைக்கிள் முடியாதவர்கள் வாடகைக் காரிலாவது அங்கே நிற்கச் சொல்லுங்கள். கேப் டவுன் நகரத்துக்குள்ளேயே, கம்பெனியின் அடிமைகளை அடைத்து வைத்த ஸ்லேவ் லாட்ஜ் கட்டடம் அருங்காட்சியகமாக இருக்கிறது. தோட்டங்களுக்குப் போகும் முன் அதைப் பார்த்துவிட்டுப் போனால் நல்லது.

ஆசிரியர் அவர்களே, நான் கேட்பது இரண்டு. 1860க்கு முன் வந்தவர்களைப் பற்றி ஒரு திருத்தக் குறிப்பு அதே ஞாயிறு இணைப்பில் வர வேண்டும். அடுத்து, உங்கள் நிருபர் யாராவது மீண்டும் இந்தப் பக்கம் வந்தால் ஒரு நாள் முழுக்கப் பினியேலிலும் லாங்கடாக்கிலும் தங்கி, அந்த மக்களிடமே பேசி எழுத வேண்டும். அவருக்குச் சைக்கிள், ஹெல்மெட், வழித்துணை எல்லாம் நாங்கள் ஏற்பாடு செய்கிறோம். ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஸ்டெல்லன்போஷில் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
நாகை வாசகி,
பெல்வில், கேப் டவுன்